ஜெனரல் சம்பையோவின் இடது கால்

1852 செப்டம்பர் 12, பஞ்சிம்

இன்று முதல் ஜெனரலின் கால் என் பொறுப்பு. மூத்த வைத்தியர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் காலை இன்னொரு நாள் பார்க்க அவருக்கு மனமில்லை. நான் பார்த்துவிட்டேன், அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை.

இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பொத்தல். கட்டை அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் காலையில் குடித்த கஞ்சி தொண்டைக்குழிவரை ஏறி இறங்கியது. மஞ்சளும் பச்சையுமாகச் சீழ். ஜெனரலோ ரத்தம் அடைத்த பன்றிக்குடலை முள்ளால் குத்தித் தின்றுகொண்டிருந்தார். ஒரு ஈ காலில் உட்கார்ந்தது, பிறகு தட்டில் உட்கார்ந்தது, மறுபடி காலுக்கு வந்தது. அதை அவர் விரட்டவே இல்லை.

"உன் பெயர்?"

"சந்தியாகு, எக்ஸெலென்சியா. மயிலாப்பூர், சாந்தோம்."

"சந்தியாகோ. உன் கை லேசாக இருக்கிறது. இனி நீயே வா."

துவார்த்தே சம்பையோ, லிஸ்பனில் இரண்டு முறை யுத்த மந்திரியாக இருந்தவர். கோவாப் பட்டாளம் கீழ்ப்படிய மறுத்த விவகாரத்தை விசாரிக்க ராணி அனுப்பிய ஆணையர். தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நானோ சாந்தோம் கோவில் பாதிரியார் படிக்க அனுப்பி, இங்கேயே வைத்தியம் படித்து, ராணுவ ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியனாக இருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த மாளிகையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

செப்டம்பர் 13

வேப்பிலை போட்டுக் கொதித்த நீரில் கழுவியும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 17

ஜெனரல் காலை நான் சகித்துக்கொள்வதற்குக் காரணம் லாசர். என் தங்கை பிரகாசியின் புருஷன். பட்டாள வாத்தியக் கோஷ்டியில் கார்னெட் ஊதுகிறவன்.

ஜூன் மாதம் சம்பளப் படிகளைக் குறைத்ததால் சிப்பாய்கள் மைதானத்தில் நகராமல் நின்றார்கள். கர்னல், ராஜ கீதத்தை வாசியுங்கள் என்று கத்தினார். யாரோ வேறொரு பாட்டை எடுத்தான், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அது போர்ச்சுகலில் கலகக்காரர்கள் பாடிய அணிவகுப்புப் பாட்டாம். வாசித்த பன்னிரண்டு பேருக்கும் மொசாம்பிக் கோட்டையில் எட்டு வருஷம். அந்தக் கோட்டைக்குப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அங்கே சுரம் ஆளை விடாது. லாசருக்கு அந்தப் பாட்டின் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பக்கத்திலிருந்தவன் ஊதினான், இவனும் ஊதினான்.

பன்னிரண்டில் ஒருவனை நான் காப்பாற்றினேன். ரொசாரியோ என்ற மேளக்காரன், கோவாவின் தெற்கே சால்செட்டுக்காரன். மூன்று வருஷமாக ரத்தம் துப்புகிறான். நெஞ்சில் மரக்குழலை வைத்துக் கேட்டேன்; உள்ளே ஓட்டைப் பானையில் நீர் அசைகிற சத்தம். கப்பல் பயணத்துக்குத் தகுதியில்லை என்று எழுதினேன். கர்னல் முறைத்தார். முறைக்கட்டும். வீட்டுக்கு வந்து பிரகாசியிடம், "பாவம், கிறிஸ்துமஸ் தாண்ட மாட்டான். சொந்த ஊர்க் கல்லறையிலாவது படுக்கட்டும்" என்று சொன்னேன்.

பிரகாசி நிறைமாதம். என் வீட்டில்தான் இருக்கிறாள்.

செப்டம்பர் 24

சலாகையால் சீழ்க்குழியைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஜெனரல் ஒரு ராகத்தை முணுமுணுத்தார். எனக்குக் கை நின்றுவிட்டது. அதே பாட்டு.

"எக்ஸெலென்சியாவுக்கு அது தெரியுமா?"

"தெரியுமாவா? அது என் பாட்டு. இரண்டாவது அடியில் என் பெயர் வருகிறது." சிரித்தார். போர்ச்சுகலின் வடக்கே கலகம் எழுந்தபோது இவர் அவர்களுடைய தளபதி. நூல் நூற்கிற பெண்கள் ராட்டையை விட்டு எழுந்து வந்து பாடினார்களாம். ஒரே வருஷத்தில் இவர் கட்சி மாறி மந்திரியானார். மந்திரியானதும் முதல் உத்தரவு, அந்தப் பாட்டை எவன் பாடினாலும் சிறை.

"உங்கள் பெயர் உள்ள பாட்டை நீங்களே ஏன் தடுத்தீர்கள்?"

"அவர்கள் அதை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்களே. நான்தான் நிறுத்திவிட்டேனே."

வாய் கூசாமல் சொன்னார். இவருடைய புகழைப் பாடியதற்காக என் தங்கை புருஷன் எட்டு வருஷம் சாக வேண்டும்.

அக்டோபர் 2

மாளிகையில் இன்று விருந்து. காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டே விருந்தினரைப் பார்த்தார். வெள்ளிப் பொடிடப்பா ஒன்று வைத்திருக்கிறார். அதில் பொடி இல்லை. இருபது வருஷமாகப் புண்ணிலிருந்து வெளிவந்த எலும்புத் துணுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். அதைத் திறந்து சீமாட்டிகளிடம் நீட்டுகிறார். அவர்கள் புனிதரான அர்ச்சியசிஷ்டவரின் எலும்பைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஒருத்தி தொட்டே பார்த்தாள். தொட்ட கையாலேயே கேக்கை எடுத்துத் தின்றாள்.

ஒரு பிரபுவிடம் அது பிரெஞ்சுக்காரன் சுட்ட குண்டு என்றார். நீதிபதியிடம் போர்ட்டோ முற்றுகையில் அரியணையைப் பறித்த கொடுங்கோலன் பக்கத்தான் சுட்டது என்றார். பழைய ராஜபக்தர் ஒருவரிடம் குரலைத் தாழ்த்தி, கலகக்காரன் சுட்டது என்றார். மூன்று பேரும் கண்கலங்கிப் போனார்கள்.

நான் அந்தப் புண்ணின் அடிவரை சலாகை விட்டவன். குண்டு பட்ட வழியாக எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 9

ஆண் குழந்தை. பிரகாசி நலம். லாசரை அடைத்து வைத்திருக்கும் ஆற்றுமுகக் கோட்டைக்குச் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 15

கேட்டுவிட்டேன். கட்டுப் போட்டு முடித்ததும் முழந்தாளிட்டு, லாசரை மன்னிக்க வேண்டும் என்றேன். "ஆகட்டும்" என்றார் உடனே. எனக்குக் காலே தரையில் இல்லை. அடுத்த அறையில் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது கர்னல் வந்தார். ஒருவனையும் விடக்கூடாது, விட்டால் பட்டாளம் என்னை மதிக்காது என்றார். அவருக்கும் அதே குரலில் "ஆகட்டும்."

சீ. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் எவ்வளவோ மேல்.

அக்டோபர் 20

வழி சொன்னது பிரகாசிதான்.

"அண்ணே, புள்ளை ஞானஸ்நானத்துக்கு அந்த ஜெனரலையே ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லு. இந்த ஊரு வெள்ளைக்காரங்க எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாங்க. தொட்டு நின்னுட்டா அப்புறம் இவரு அவருக்குக் கொம்பாத்ரே ஆயிருவாரு இல்ல?"

அவள் சொன்னது சரி. இவர்களுக்குள் பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. சாகும்வரை அந்த உறவு. கொம்பாத்ரேயைக் கோர்ட்டில் நிறுத்தியவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அரசாங்கத்தைக் கவிழ்த்தவனோடு ஒரே மேசையில் உட்காருவார்கள், கொம்பாத்ரேயைக் கைவிட்டவனோடு உட்காரமாட்டார்கள்.

கேட்டேன். "ஆகட்டும்" என்றார். இந்த முறை அந்த வார்த்தை எனக்கு உதவும்.

அக்டோபர் 27

ஒரு எலும்புத் துணுக்கை இடுக்கியால் எடுத்தேன். டப்பாவை நீட்டினார். போட்டேன். கையோடு கேட்டும்விட்டேன்: "இது குண்டு பட்டதல்லவே?"

"கோவேறு கழுதை" என்றார். "சண்டைக்கு எதிர்த் திசையில் நான் போய்க்கொண்டிருந்தேன். அது தள்ளிவிட்டது."

கொஞ்சமும் வெட்கமில்லை. பிறகு தானாகவே பேசினார். பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து எல்லாம். அரசியல் சட்டத்துக்குச் சத்தியம் செய்தார். மூன்று வருஷம் கழித்து, அரசர் சட்டத்தைக் கிழிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், போகிற வழியில் சாலையோரம் நின்று தொப்பியில் இருந்த நீல வெள்ளை நாடாவைப் பிய்த்துவிட்டு நீலச் சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டார். "தொப்பி அதேதான். நல்ல தொப்பி." பிறகு அரசரின் இளைய மகன் அரியணையைப் பிடித்துத் துரத்தியபோது இங்கிலாந்தில் பசியோடு கிடந்தார். திரும்பி வந்து போர்ட்டோவில் நாய்க்கறி தின்றார். பிறகு மந்திரி, பிறகு கலகக்காரன், பிறகு மறுபடி மந்திரி. கூட நின்றவர்கள் பாதிப் பேர் சுவரோரம் நின்று சுடப்பட்டார்கள். இரண்டு பேரைச் சுடச் சொன்னது இவரே.

"அவர்கள் உங்கள் நண்பர்களா?"

"நண்பர்களைத்தான் சுட வேண்டிவரும், சந்தியாகோ. எதிரிகள் தூரத்தில் இருப்பார்கள்."

சொல்லிவிட்டு அத்திப்பழம் கேட்டார். நாற்றம் காலில் மட்டும் இல்லை.

நவம்பர் 1, சகல அர்ச்சியசிஷ்டவர் திருநாள்

ஞானஸ்நானம் ஆயிற்று. நான்கு பேர் ஜெனரலை நாற்காலியோடு கோவிலுக்குள் தூக்கி வந்தார்கள். பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் விடும்போது ஜெனரல் அதைத் தோளில் தொட்டுப் பிடித்துக்கொண்டார். பெயர் துவார்த்தே. பிரகாசி அழுதாள். அதிகாரிகள் எல்லோரும் பார்த்தார்கள், கர்னலும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வந்ததும் ஜெனரல் என் காதில் சொன்னார்: "என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. ராணியாலும் முடியவில்லை."

கோபமில்லை. மெச்சிக்கொண்டார். அதுவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நவம்பர் 3

கட்டு மாற்றும்போது அவரே ஆரம்பித்தார்.

"என் கொம்பாத்ரேயை மொசாம்பிக் அனுப்ப முடியாது. அது அசிங்கம். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பதினொரு பேர் வருகிறார்கள் என்று லிஸ்பனுக்கும் மொசாம்பிக்குக்கும் தபால் போய்விட்டது. எண்ணிக்கைதான் போயிருக்கிறது. பெயர்கள் கப்பலோடுதான் போகும்."

அவர் பல்லில் சிக்கியதைக் குத்தி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேளக்காரன் ஒருவன் இருமுவானே, எப்படி இருக்கிறான்?"

"பிழைக்க மாட்டான், எக்ஸெலென்சியா."

"நீ கடைசியாகப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?"

"ஆகஸ்டில் பார்த்தேன்."

"அப்படியானால் உனக்குத் தெரியாது. மழை நின்றுவிட்டது, காற்று காய்ந்திருக்கிறது. போய்ப் பார். நீதானே வைத்தியன்."

இவனும் ஒரு மனிதனா. வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் செய்திருக்கிறான். தன் கையால் ஒன்றும் செய்வதில்லை, அடுத்தவன் கையை நீட்ட வைக்கிறான். முகத்தில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 9

பிரகாசி கோட்டைக்குப் படகில் போய் வந்தாள். லாசர் குழந்தையைக் கம்பிக்கு வெளியே பார்த்தானாம். கையை வெளியே விடக் காவல்காரன் அனுமதிக்கவில்லை.

"பாதியா எளைச்சிட்டாரு அண்ணே. ஜெனரலு என்னதான் சொல்றாரு?"

"பார்க்கலாம்னாரு."

"தொட்டு நின்னாரே. இன்னும் என்ன பாக்கணுமாம்?"

அவளுக்குப் பால் சரியாக வரவில்லை. குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 12

ஜெனரலுக்குக் காய்ச்சல். புண்ணைச் சுற்றிச் சிவப்பு. செத்துத் தொலைந்தால் லாசரின் கதி என்ன என்று நாள் முழுவதும் கூடவே உட்கார்ந்து பற்றுப் போட்டேன்.

நவம்பர் 18

கப்பலேறப் போகிறவர்களைப் பரிசோதிக்கும் நாள். படகில் போய்க் கோட்டையில் இறங்கினேன். கைதிகள் எல்லோருக்கும் சிரங்கு. ஒரே மூத்திர வாடை.

முறைப்படி நோயாளியையும் திரும்பப் பார்க்க வேண்டும். இத்தனை நாள் பார்க்காமல் விட்டதுதான் தவறு. இன்னும் விடுதலையாகாமல் அங்கேயே கிடந்த ரொசாரியோவையும் அழைத்து வரச் சொன்னேன். நெஞ்சில் மரக்குழலை வைத்தேன். காவல்காரர்கள் பக்கத்தில் சத்தமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், சரியாகக் கேட்கவில்லை. நான் இருந்த நேரத்தில் அவன் இருமவில்லை. துப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த இடத்தின் அசிங்கத்தில் அதையும் பார்க்க மனம் வரவில்லை. கன்னத்தில் நிறம் இருந்தது. கடல்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று ஐரோப்பாவில் பெரிய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 19

ஜெனரல் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தார். "மேளக்காரன்?" என்றார். சொன்னேன். தலையாட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. நாற்றம் இன்று அவ்வளவாகத் தெரியவில்லை. புண் ஆறுகிறதோ, மூக்கு பழகிவிட்டதோ.

நவம்பர் 24

முழு வைத்தியனாக என்னை நியமித்து உத்தரவு வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. ஆறு வருஷம் உழைத்ததற்குக் கிடைத்தது.

டிசம்பர் 3, அர்ச். சவேரியார் திருநாள்

பழைய கோவாவுக்குப் போனோம். ஜெனரலை நாற்காலியில் தூக்கிக்கொண்டு பூசை கண்டோம். அர்ச்சியசிஷ்டவரின் பேழைக்கு முன்னால் அவர் அழுதார். உண்மையாகவே அழுதார், மீசை நனைந்தது. திரும்பி வரும்போது இந்த ஊர் இறால் நன்றாக இருக்கிறது என்றார்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று வரிசையில் நின்றேன். கூட்டம் அதிகம், வெயில். வந்துவிட்டேன்.

டிசம்பர் 4

லாசர் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினான், பேன் இருக்கும் என்று. பிரகாசி அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு முற்றத்தில் உட்கார வைத்து மொட்டையடித்து, சீயக்காய் தேய்த்து, பழைய உடுப்பையெல்லாம் எரித்தோம். குழந்தையைக் கையில் வாங்கினதும் அவன் தேம்பினான். "மச்சான், உங்க காலைத் தொட்டுக் கும்புடுறேன்" என்று குனிந்தான். நான் நகர்ந்துகொண்டேன். அவன் இன்னும் சரியாகத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஜெனரல் தன் கொம்பாத்ரேக்கு ஒரு புட்டி ஒயின் அனுப்பியிருக்கிறார். லாசர் அதைத் திறக்காமல் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

டிசம்பர் 6

கப்பல் ஆற்றுமுகத்தில் நிற்கிறது. நாளைக் காலை நீரோட்டத்தோடு புறப்படும். கைதிகளை இன்று மாலைதான் ஏற்றுகிறார்கள். காற்று திரும்பத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று துறைமுகக் குமாஸ்தா சொன்னான்.

மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பெண் வாசலில் நின்றாள். சால்செட்டுச் சேலைக்கட்டு, புழுதிக் கால். தலையில் வாழையிலை மூடிய ஒரு மண்சட்டி. டாக்டர் சந்தியாகு வீடா என்று கொங்கணியில் கேட்டாள். தன் பெயர் பியெதாத், ரொசாரியோவின் மனைவி என்றாள்.

எழுந்து கதவைச் சாத்திவிடலாமா என்றிருந்தது. அவள் உள்ளே வந்து சட்டியை இறக்கி வைத்து, என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"மூணு வருஷமா எல்லா வைத்தியரும் சாவான் சாவான்னாங்க, டாக்டர். சவப்பெட்டிக்குப் பலகைகூடப் பார்த்து வெச்சுட்டோம். நீங்க ஒருத்தர்தான் பார்த்துட்டு உடம்பு சரியாயிட்டதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. கோட்டையில கிளார்க் படிச்சுக் காட்டினார். எங்க வீட்டுக்காரர் சந்தோஷத்துல அழுதுட்டார். எட்டு வருஷம் என்ன பெரிய வருஷம்? உசிரோட இருந்தாப் போதும், திரும்பி வந்துடுவார். சவேரியாருக்கு மெழுகுதிரி ஏத்திட்டு நேரே இங்கே வர்றேன்."

சட்டியில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய இனிப்பு. ராத்திரி முழுவதும் கிளறினாளாம். நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கினேன். நன்றாக இருக்கிறது என்றேன். மாலையில் படகுத்துறையில் அவருக்குக் கை காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் சந்தோஷமாகப் போனாள்.

கொங்கணி பிரகாசிக்கு நன்றாகத் தெரியும். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொசாரியோவைப் பற்றி நான் ஆகஸ்டில் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. எழுந்து போய் அந்தச் சட்டியைக் குப்பையில் கொட்டிவிட்டு என் முகத்தில் துப்பினாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். படகுத்துறை கூப்பிடு தூரம்தான். நான் போய் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க நேரம் இருந்தது.

லாசருக்குக் கொங்கணி அரைகுறை. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், ரொசாரியோவைப் பத்தியா சொல்லிட்டுப் போவுது? அவனுக்கு நெசமாவே நெஞ்சு சரியாயிடுச்சா? நான் வர்றப்பகூட ரத்தமாத் துப்பிக்கிட்டு இருந்தானே."

நான் வாயைத் திறப்பதற்குள் பிரகாசி சொன்னாள்:

"சரியாயிடுச்சாம். அண்ணன்தான் பாத்து எழுதியிருக்கு."

சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புருஷனின் இலையில் வைத்தாள். என் இலையிலும் இன்னொன்று வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.